கன்னங்குறிச்சிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வலை அடித்த வேலை: ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

எங்கள் வீடு சேலத்தில் கன்னங்குறிச்சி தாண்டி, மலை ஏறத் தொடங்கும் பக்கம். மொட்டைமாடியில் நின்றால் சேர்வராயன் மலை கண்ணுக்கு நேரே நிற்கும், காலையில் மயில் கத்தும், மார்கழியில் பனி இறங்கினால் எதிர்வீடு தெரியாது. வீடு கட்டும்போது இதெல்லாம்தான் பிடித்தது. குடிவந்த பிறகுதான் மயில் மட்டும் தனியாக வராது, அதோடு குரங்கு, பாம்பு, மரநாய், கீரி எல்லாம் சேர்ந்துதான் வரும் என்று தெரிந்தது. அவை முன்னாலிருந்தே இங்கே இருப்பவை, நாங்கள்தான் நடுவில் வந்தவர்கள், அதனால் அவற்றின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் வீட்டில் 74 வயதில் அத்தை இருக்கிறார், ஆறாவது படிக்கிற பையன் இருக்கிறான், கணவருக்கு மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். அதனால் செலவு செய்து வீட்டை அடைத்தோம். அந்த வேலை எப்படி இருந்தது, எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் தேடியபோது பாம்பு விரட்டும் பவுடர் விற்கிற விளம்பரங்கள்தான் வந்தனவே தவிர, இப்படி ஒரு வேலை செய்யலாம் என்று யாரும் எழுதியிருக்கவில்லை.

வேலை செய்தது ஒரு சின்ன வெல்டிங் பட்டறை. அஸ்தம்பட்டியிலிருந்து வரும் வழியில் இருக்கிறது, பெயர்ப்பலகை இல்லை, தம்பி ஒருவரும் அவருடைய மாமாவும் நடத்துகிறார்கள். கேட்டும் கிரில்லும்தான் அவர்களுக்கு முக்கியமான தொழில். பாம்பு வராமல் அடைக்கிற வேலை என்று தனியாக எதுவும் விளம்பரம் செய்வதில்லை. அதனால் நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் உங்கள் பக்கத்துப் பட்டறையில் இதே வேலையைக் கேட்கலாம், அதற்காகத்தான் அளவெல்லாம் சொல்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன ஆவணியில் நாலு நாள் விடாமல் மழை. ராத்திரி இரண்டு மணிக்கு அத்தை குளியலறைக்குப் போனவர், லைட்டைப் போட்டதும் அப்படியே நின்றுவிட்டார். வாளிக்கும் சுவருக்கும் நடுவில் கறுப்பாக, வெள்ளை வளையம் போட்டு ஒன்று சுருண்டிருந்தது. அத்தை கத்தவில்லை, பின்னாலேயே வந்து கதவைச் சாத்தி, ஈரத்துண்டைக் கதவடியில் திணித்துவிட்டுத்தான் என்னை எழுப்பினார். அன்றைக்கு வீட்டில் யாரும் செய்ததிலேயே சரியான காரியம் அதுதான். 101க்கு அடித்தேன், தீயணைப்பு நிலையத்திலிருந்து அரைமணி நேரத்துக்குள் வந்தார்கள், கம்பால் தூக்கிப் பையில் விட்டார்கள், காட்டில் விடுவதாகச் சொல்லி எடுத்துப் போனார்கள். கட்டுவிரியன். வந்தவர்களில் ஒருவர் டார்ச் அடித்துத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை மூடியிருந்த ஜாலியைக் காலால் தள்ளிக் காட்டினார், அது சும்மா உட்கார்ந்திருந்தது, தள்ளினால் நகர்ந்தது. "இந்த வழியாத்தான் வந்திருக்கும்மா" என்றார். எங்கள் குளியல் தண்ணீர் குழாய் வழியாகப் பொடக்காலியில், அதாவது வீட்டுப் பின்பக்கத்தில், இருக்கும் வாழைக்குப் போகிறது. அங்கே எப்போதும் ஈரம், ஈரத்தில் தவளை, தவளையைத் தேடிப் பாம்பு. நாலு அங்குலக் குழாயின் வாய் திறந்தே கிடந்தது, ஆறு வருஷமாக.

கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுகிற பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்தில் கடிப்பதுதான் அதனால் வரும் பெரிய ஆபத்து, ஏனென்றால் கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது, கொசு கடித்த மாதிரி இருக்கும், பல்தடமே தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை சொருகுதல், விழுங்க முடியாமல் போதல் என்று தொடங்கி மூச்சு விடும் தசைகள் வரைக்கும் போய்விடும். அத்தை பாய் விரித்துத்தான் தூங்குவார். அந்த ராத்திரிக்குப் பிறகு நான் சரியாகத் தூங்க பதினைந்து நாள் ஆனது.

அந்தப் பதினைந்து நாளில்தான் தப்பான பொருள்களுக்குக் காசு கொடுத்தேன். ஆன்லைனில் பாம்பு, எலி, பல்லி எல்லாவற்றையும் ஒலி எழுப்பி விரட்டும் என்று ஒரு கருவி, ஒன்று 899 ரூபாய், இரண்டு வாங்கினேன். பிளக்கில் மாட்டினால் நீல விளக்கு எரியும், அவ்வளவுதான். பாம்புக்கு வெளிக்காதே கிடையாது, தரை அதிர்வையும் தாழ்ந்த ஒலிகளையும்தான் அது உணரும், மனிதர்களுக்கே கேட்காத அளவு உயர்ந்த ஒலியை எழுப்பினால் அதற்கு என்ன தெரியப்போகிறது? மாட்டிய மூன்றாம் நாள் அந்தக் கருவிக்கு மேலேயே பல்லி உட்கார்ந்திருந்தது. திருப்பி அனுப்பலாம் என்றால் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். அப்புறம் வீட்டைச் சுற்றித் தூவ ஒரு பவுடர், பூண்டு வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து அடிக்கும். ஒரு மழையில் கரைந்து போனது. வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இவற்றால் பலன் இல்லை என்பதை விடப் பெரிய கெடுதல், வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தில் கதவடியையும் குழாய் வாயையும் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். குரங்குக்கு சமையலறை ஜன்னலில் வலை போட வேண்டும் என்றுதான் நான் முதலில் போய்க் கேட்டேன். தம்பி வந்து பார்த்தார். ஜன்னலைப் பார்க்கும் முன்னால் வாசல் கதவைச் சாத்திவிட்டு, தரையில் குந்தி, உள்ளே லைட்டை அணைக்கச் சொல்லி வெளியிலிருந்து டார்ச் அடித்தார். கதவடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. "அக்கா, சன்னல அப்புறம் பாக்கலாம். ஒரு பென்சில உருட்டி விடுங்க, உள்ள போச்சுன்னா பாம்புக்குட்டியும் போகும்" என்றார். பென்சில் போனது. மூன்று கதவிலும் போனது. இந்த ஒரு சோதனைக்காகவே அந்தத் தம்பிக்கு நன்றி சொல்வேன். இதைப் படித்துவிட்டு எழுந்து போய் உங்கள் வீட்டுப் பின்கதவில் ஒரு பென்சிலை உருட்டிப் பாருங்கள்.

கதவடிகளுக்கு அலுமினியப் பட்டியில் கெட்டியான ரப்பர் வைத்து அடித்தார். ஒட்டுகிற பஞ்சுப் பட்டி கடையில் 100 ரூபாய்க்குக் கிடைக்கும், அதை எலி ஒரே ராத்திரியில் கடித்துவிடும், எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். பின்கதவு நிலைப்படி தேய்ந்து குழியாக இருந்ததால் அங்கே ரப்பர் மட்டும் போதாது என்று, படியைச் சிமென்ட் பூசி மட்டம் செய்துவிட்டுத்தான் பட்டி அடித்தார். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.

குளியலறைத் தரையில் சும்மா உட்கார்ந்திருந்த ஜாலியை எடுத்துவிட்டு, திருகாணி போட்டு இறுக்கும் எவர்சில்வர் ஜாலி. வெளியே குழாய் வாய்க்கு, பிவிசி மூடியை நடுவில் அறுத்துக் கால் அங்குலக் கண் உள்ள எவர்சில்வர் வலையை உள்ளே வைத்து, கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து கொடுத்தார். மொத்தத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பொருள் இந்த மூடிதான். 400 ரூபாய். பாம்பு, எலி, பெரிய தவளை எதுவும் நுழையாது, தண்ணீர் போகும். சாதாரண ஜிஐ வலை (துத்தநாகம் பூசிய இரும்பு வலை) வைத்தால் சோப்புத் தண்ணீரில் ஒரு வருஷம்கூட வராது என்று அவரே சொன்னார், விலை கூட என்றாலும் எவர்சில்வர் வலையாகவே கேளுங்கள்.

அடுத்தது குரங்கு. எங்கள் பக்கம் வருவது நாட்டுக்குரங்கு, தலைமயிர் நடுவகிடு எடுத்துத் தொப்பி மாதிரி இருக்குமே, அது. கூட்டமாக வரும், ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுத் தக்காளி எடுக்கும், அத்தையின் பிரஷர் மாத்திரை அட்டையை ஒரு நாள் எடுத்துப் போய்விட்டது. சின்டெக்ஸ் தொட்டி மூடியைத் திறந்து உள்ளே இறங்கும். முன்னால் கொசுவலை அடித்திருந்தோம், நைலான், அதை ஒரே இழுப்பில் கிழித்துவிட்டது.

இதற்கு அவர் செய்தது ஒரு அங்குலக் கண் உள்ள வெல்டுமெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமாக வெல்டிங் வைத்த கம்பிவலை, தடித்த கம்பி, அதை எல் ஆங்கிள் இரும்பில் சட்டம் செய்து கிரில்லுக்கு வெளிப்பக்கம் நாலு விரல் இடம் விட்டு மாட்டினார். அந்த இடைவெளிதான் விஷயம். வலையை கிரில்லோடு ஒட்டி அடித்தால் குட்டிக் குரங்கின் கை உள்ளே எட்டும், தள்ளி அடித்தால் எட்டாது. மேலே இரண்டு கீல், கீழே உள்பக்கமாகத் தாழ்ப்பாள், சுத்தம் செய்ய உள்ளேயிருந்து திறக்கலாம், தீ கீ பற்றினாலும் அந்த வழியாக வெளியேறலாம் என்று அவராகவே யோசித்து வைத்தார். தொட்டி மூடிக்குக் குறுக்கே ஒரு பட்டை, பூட்டு. மூன்று ஜன்னலும் சேர்த்து 38 சதுர அடி, சதுர அடிக்கு 220 ரூபாய். எல்லா வேலையும் கூலியோடு சேர்த்து 14,960 ரூபாய் ஆனது. முன்பணம் பாதி வாங்கினார், மீதியை மாட்டி முடித்துக் காட்டிய பிறகுதான் வாங்கினார்.

இப்போது குறை. ஐந்து நாளில் முடிப்பேன் என்றவர் பதினான்கு நாள் எடுத்தார், நடுவில் மூன்று நாள் போனே எடுக்கவில்லை, பயந்துபோய் இருக்கிற வீட்டுக்கு அது கஷ்டமாக இருந்தது. ஜன்னல் சட்டத்தில் வெல்டிங் வைத்த இடங்களில் ஒரு மழைக்காலத்திலேயே துரு இறங்கி, சுவரில் பழுப்புக் கோடு விழுந்துவிட்டது. துரு பிடிக்காமல் இருக்க அடிக்கும் ரெட் ஆக்சைடு ஒரு கோட்டோடு நிறுத்தியிருக்கிறார், இரண்டு கோட் அடித்து அதன் மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள், நின்று பாருங்கள். சமையலறைக்கு வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. குழாய் மூடி வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தேய்க்க வேண்டும், தலைமுடியும் சோப்புப் பிசுக்கும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். தீபாவளி வாரத்தில் மறந்துவிட்டேன், குளியலறையில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. அதை யாரும் முன்னால் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

வேலை தாங்கியதா என்றால், தாங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழை முழுதும் வீட்டுக்குள் ஒன்றும் வரவில்லை, எலிகூட. குரங்குகள் முதல் வாரம் வலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தன, பிறகு விட்டுவிட்டன. இப்போதும் மாடிச் சுவரில் வந்து உட்காரும், ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும், போய்விடும். பையன் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருப்பான், அவன் முன்பு போலக் கல்லெடுப்பதில்லை.

வலை மட்டுமே எல்லாம் செய்துவிடாது. குப்பைக்கூடையை வெளியே திறந்து வைப்பதை நிறுத்தினோம், வாழைக்கடியில் அடுக்கியிருந்த பழைய ஓடுகளையும் செங்கல்லையும் எடுத்தோம், ராத்திரி வெளியே போனால் டார்ச், செருப்பு. அத்தைக்கு ஒரு கயிற்றுக்கட்டில் வாங்கி, கொசுவலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிவிடுகிறோம். கட்டுவிரியன் கடியைத் தடுக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, அதில் பாதி வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸும் வாழைப்பழமும் போடுகிறார்கள். போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கையில் பையைப் பார்த்தாலே பாய்வதற்கு அங்கேதான் அது பழகுகிறது, சாலையில் தின்ன வந்து வண்டியில் அடிபட்டும் சாகிறது. மேலே பழகின கூட்டம் அடிவாரத்து வீடுகளுக்கும் வருகிறது. எதிரே வந்தால் கண்ணை உற்றுப் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், மெதுவாகப் பின்னால் நகருங்கள், அதற்குப் பல்லைக் காட்டுவது சண்டைக்குக் கூப்பிடுவது. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள், வெறிநோய் குரங்கு மூலமும் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் தப்பு. கீரைப்பாத்தியைக் கோழியிடமிருந்து காப்பாற்ற மெல்லிய நைலான் வலையைத் தரையோடு விரித்து வைத்திருந்தேன். தை மாதம் ஒரு பெரிய சாரைப்பாம்பு அதில் மாட்டிக்கொண்டது. முன்னால் போகப் போக வலை உடம்பில் இறுகும், பின்னால் வரவும் முடியாது, செதிலுக்குள் நூல் ஏறிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் தடியோடு வந்துவிட்டார். சாரைக்கு விஷமில்லை, எலி தின்று நமக்கு நல்லது செய்கிற பாம்பு, அதோடு 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அடிப்பது குற்றம் என்று சொல்லி நிறுத்தினேன். மறுபடி 101, மறுபடி வந்தார்கள், ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்டினார், முக்கால் மணி நேரம். பிழைத்தது. அந்த நைலான் வலையை அன்றைக்கே எரித்தேன். பட்டறைத் தம்பியிடம் சொன்னதும் மீந்த வெல்டுமெஷ்ஷில் விறைப்பான சட்டம் ஒன்று செய்து கொடுத்தார், பாத்தியைச் சுற்றி நிறுத்தி வைக்கிறோம், எதுவும் சிக்காது. தோட்டத்துக்கு வலை வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

பாம்பு வீட்டுக்குள் வந்தால் நீங்களே பிடிக்கப் போகாதீர்கள், விஷமில்லாதது என்று நினைத்தும் போகாதீர்கள். பல்லி தின்ன வீட்டுக்குள் வரும் வெள்ளிக்கோல் வரையனுக்கு விஷமில்லை, ஆனால் பார்க்கக் கட்டுவிரியன் மாதிரியே இருக்கும், ராத்திரி பதற்றத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கடித்துவிட்டால் கட்டுப் போடக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கொலுசு, மெட்டி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே முறிமருந்துதான், அதனால் எந்தப் பாம்பு என்று காட்டுவதற்காக அதைத் துரத்திப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இப்பவெல்லாம் யார் பாம்பு கடித்துச் சாகிறார்கள் என்று எங்கள் தெருவில் ஒருவர் கேட்டார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தார்கள்.

இந்த வேலையைப் பார்த்துவிட்டு ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் இருக்கிற என் நாத்தனாரும் கேட்டார், அவர் வீட்டுப் பக்கம் காட்டுமாடு வருகிறது, வலை அடிக்கலாமா என்று. தம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அக்கா, அது ஒரு டன் எடை இருக்கும், நான் அடிக்கிற வலை அதுக்கு நூல் மாதிரி, உங்க காசு வீண்." வருகிற வேலையைத் தானாக வேண்டாம் என்று சொன்னது எனக்கு நம்பிக்கையைத்தான் கூட்டியது. நாத்தனார் வீட்டில் பாதைக்கு விளக்கு போட்டிருக்கிறார்கள், விடியற்காலையும் இருட்டுகிற நேரமும் தனியாக நடப்பதில்லை, காட்டுமாடு நின்றால் வழிவிட்டுத் தூரமாக நின்றுகொள்கிறார்கள். போட்டோ எடுக்கக் கிட்டே போகும் சுற்றுலாக்காரர்களைப் பார்த்தால்தான் அவருக்கு வயிறு கலங்குகிறதாம்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு கொடுப்பேன், அந்த ஒன்று தாமதத்துக்கும் துருவுக்கும். வேலை சொல்வதானால் சித்திரை, வைகாசியிலேயே சொல்லிவிடுங்கள், மழை தொடங்கிவிட்டால் பட்டறையில் கூட்டம். பட்டறைக்குப் போகும்போது பழைய ஜாலியின் அளவையும், வெளிக்குழாய் வாயின் அளவையும் எழுதிக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சமாகும். எங்கள் வீட்டில் முன்கேட்டின் அடியில் இன்னும் மூன்று விரல் இடைவெளி இருக்கிறது, அதற்குத் தகடு அடிக்க வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அத்தை மட்டும் ஒரு மூலையில் கீரி வந்து போக வழி விடச் சொல்கிறார், அவர் சொல்வதுபோல் விடப்போகிறோம்.